தொண்டர் எண்ணிக்கையை வைத்துத் தொண்டு நிறுவனங்களை ஒப்பிடுவது எப்படி? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பணி ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் என்று பலரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "ஏதாவது தொண்டு செய்யணும். எந்த அமைப்பு பெரிசு, எதில் சேரலாம்?" நாகர்கோவிலில் கேட்டாலும் சரி, மார்த்தாண்டத்தில் கேட்டாலும் சரி, கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு துண்டறிக்கை. அதில் ஒரு பெரிய எண் இருக்கும். இத்தனை ஆயிரம் தொண்டர்கள், இத்தனை லட்சம் உறுப்பினர்கள். அந்த எண்ணை எப்படிப் படிப்பது, அதை வைத்து இரண்டு அமைப்புகளை எப்படி ஒப்பிடுவது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: ஆள் கணக்கை மணிக்கணக்காக மாற்றாமல் எந்த இரண்டு அமைப்புகளையும் ஒப்பிட வேண்டாம்.

பணத்தை வைத்து ஒப்பிடக் கூடாதா என்றால், நன்கொடை கொடுக்கப் போகிறவர் அப்படி ஒப்பிடலாம். நீங்கள் கொடுக்கப் போவது நேரம். வரவு செலவு பெரிதாக இருக்கும் இடத்தில் தொண்டருக்கு வேலை இருக்கும் என்று உறுதியில்லை. வங்கதேசத்தில் 1972இல் தொடங்கிய பிராக் உலகின் மிகப் பெரிய தொண்டு நிறுவனங்களில் ஒன்று. அதன் பலம் ஏறக்குறைய ஒரு லட்சம் சம்பள ஊழியர்கள். தொண்டர் எண்ணிக்கையை மட்டும் வைத்து அதை அளந்தால் அது செய்கிற வேலையின் அளவு கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே எந்த அமைப்பை எடுத்தாலும் ஒரு நோட்டில் நெட்டுக்குக் கோடு போட்டு, ஊழியர் ஒரு பத்தி, தொண்டர் ஒரு பத்தி என்று இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

யாரை எண்ணுகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்

இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு அமைப்பும் ஒவ்வொரு அளவுகோலை வைத்திருக்கிறது.

1919இல் உருவான செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க 190க்கு மேற்பட்ட நாட்டுச் சங்கங்கள், ஒன்றரைக் கோடிக்கும் மேல் தொண்டர்கள். அவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் அளவுகோல், ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் தொண்டு செய்திருக்க வேண்டும் என்பது. ஒரு நாள் முற்பகல் முழுக்க ஒரு முகாமில் நின்றவரும் கணக்கில் வருவார், வருடம் முழுக்க ஆம்புலன்ஸில் போகிறவரும் வருவார். இரண்டு பேரும் பட்டியலில் ஆளுக்கு ஒன்றுதான்.

அடுத்து நாட்டு நலப்பணித் திட்டம், நம் பிள்ளைகள் என்.எஸ்.எஸ். என்று சொல்வது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பிறகு 40 லட்சம் பேர் என்ற அளவுக்கு வளர்ந்தது. இது அரசுத் திட்டம், தொண்டு நிறுவனம் அல்ல. ஆனாலும் ஒப்பிடக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஏனென்றால் இதில் மணிக்கணக்கு விதியிலேயே இருக்கிறது: ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். ஒன்றரைக் கோடிப் பேர், தலைக்கு நான்கு மணி: ஆறு கோடி மணி நேரம். நாற்பது லட்சம் பேர், தலைக்கு 120 மணி: 48 கோடி மணி நேரம். ஆள் கணக்கில் கால்வாசிக்கும் சற்றுக் கூடுதலாக இருக்கிற அமைப்பு, குறைந்தபட்ச மணிக்கணக்கில் எட்டு மடங்காகிவிடுகிறது. செஞ்சிலுவைத் தொண்டர்கள் நான்கு மணியோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்களில் பெரும் பங்கினர் அதைவிடப் பல மடங்கு உழைக்கிறார்கள். அந்தப் பெரிய எண் நமக்கு உறுதியாகச் சொல்வது நான்கு மணி நேரத்தை மட்டும்தான் என்பதே இதில் தெரிந்துகொள்ள வேண்டியது.

மூன்றாவது அளவுகோல் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவு மருத்துவச் சங்கத்தின் வழியில் கேரளத்தில் ஊர்தோறும் தொண்டர் குழுக்கள் வளர்ந்தன. வாரம் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிகிறவரைத்தான் சேர்த்தார்கள். சேர்ந்தவருக்கு 16 மணி நேர வகுப்பு, அதன் பிறகு நான்கு நாள் நோயாளிகளின் அருகில் பயிற்சி. அப்படிப்பட்ட ஒரு தொண்டர் ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்குச் சமம். ஒரு ஊரில் அப்படி முப்பது பேர் இருந்தால் அந்த அமைப்பை நான் பெரிய அமைப்பு என்றே சொல்வேன்.

ஆக உங்கள் நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் அளவுகோலையும் எழுதுங்கள். அளவுகோல் தெரியாத எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு மேலே போங்கள். அது ஒப்பிடப் பயன்படாது.

உறுப்பினர், சந்தாதாரர், ஊக்கத்தொகை வாங்குபவர்: தனித்தனியாகப் பிரியுங்கள்

ரோட்டரிக்கு உலகம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் பேர், லயன்ஸ் சங்கங்களுக்குப் பதினான்கு லட்சம் பேர் என்று சொல்கிற எண்கள் ஏறக்குறைய சரியானவை. ஆனால் அவர்கள் சந்தா கட்டும் உறுப்பினர்கள். கண் சிகிச்சை முகாமில் நாள் முழுக்க நிற்கிறவரும் மாதக் கூட்டத்துக்கு மட்டும் வருகிறவரும் அதில் சேர்ந்தே இருப்பார்கள்.

இரட்சணிய சேனை என்ற கிறிஸ்தவச் சபையை நம் மாவட்டத்தில் தெரியாதவர் கிடையாது, நாகர்கோவில் கேத்தரின் பூத் மருத்துவமனை அவர்களுடையது. அவர்களுடைய புள்ளிவிவரத்தில் போர்வீரர் என்று வருகிறவர்கள் அந்தச் சபையின் உறுப்பினர்கள். அதிகாரிகள் என்று வருகிறவர்கள் ஊழியத்துக்கென்றே முழு நேரத்தைக் கொடுத்தவர்கள். ஊழியர், தொண்டர் எல்லாம் வேறு பத்தி. இந்த வித்தியாசம் தெரியாமல் எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரமும் இப்படித்தான். ஏக்நாத் ரானடே 1972இல் தொடங்கிய அந்த அமைப்பின் முதுகெலும்பு வாழ்நாளையே கொடுத்து வேலை செய்யும் ஊழியர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடத்த வருகிற உள்ளூர்க்காரரையும் அவர்களையும் ஒரே வரியில் எழுத முடியாது.

2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாநிலம் முழுக்க ஏறக்குறைய இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் சேர்ந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அந்தப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் செய்த வேலையின் மதிப்பு ஆயிரம் ரூபாயில் அடங்காது. அவர்களைக் குறைத்து எழுத வேண்டாம். ஆனால் ஊக்கத்தொகை உள்ளவர்களுக்குத் தனிப் பத்தி போடுங்கள். அது நின்றால் எத்தனை பேர் தொடர்வார்கள் என்ற கேள்வி பின்னால் வரும்.

மணிக்கணக்குப் போடுவது

கற்பனையாக இரண்டு அமைப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று வருடத்துக்கு ஒரு நாள் கடற்கரைத் துப்புரவு நடத்துகிறது. முட்டத்திலும் சங்குத்துறையிலும் சேர்த்து 2,000 பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம். மொத்தம் 6,000 மணி. இன்னொன்றில் 40 பேர்தான். வாரம் நான்கு மணி நேரம், வருடத்தில் 48 வாரம், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வீட்டுக்குப் போகிறார்கள். மொத்தம் 7,680 மணி. துண்டறிக்கையில் முதலாவது ஐம்பது மடங்கு பெரியது. வேலையில் இரண்டாவது பெரியது.

ஊழியர் பலத்தோடும் ஒப்பிட வேண்டுமென்றால் இன்னொரு படி இருக்கிறது. வாரம் 40 மணி, வருடம் 52 வாரம் என்று வைத்தால் ஒரு முழுநேர ஆளுக்கு 2,080 மணி. மேலே சொன்ன 7,680ஐ அதால் வகுத்தால் மூன்றரை ஆளுக்கும் சற்று மேல் வரும். என்.எஸ்.எஸ்.ஸின் 48 கோடியை வகுத்தால் சுமார் 2.3 லட்சம் முழுநேர ஆட்கள். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையும் இந்த வழியில்தான் கணக்கிட்டது: உலகில் நூறு கோடித் தொண்டர்கள், முழுநேர ஆள் கணக்கில் 10.9 கோடி.

அந்த அறிக்கையில் நம் ஊருக்கு இன்னும் முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. உலகில் நடக்கும் தொண்டில் எழுபது சதவீதம் எந்த அமைப்பின் பட்டியலிலும் வராமல், ஆளுக்கு ஆள் நேராகச் செய்யும் உதவி. குமரியில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோட்டாறு மறைமாவட்டத்து அன்பியங்கள் என்ற சிறு குழுக்களில் நோயாளி வீட்டுக்கு முறை வைத்துப் போகிறவர்கள், அய்யாவழிக்காரர்களின் வழிபாட்டு இடங்களான நிழல் தாங்கல்களில் சமைத்துப் பரிமாறுகிறவர்கள், மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறவர்கள், இவர்கள் பெயர் எந்த ஆண்டறிக்கையிலும் இருக்காது. 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் அடித்தபோது, காணாமல் போனவர்களைத் தேடித் தூத்தூர் பக்கத்து மீனவர்கள் தாங்களே படகெடுத்துப் போனார்கள். பெரிய அமைப்புகளை ஒப்பிடும்போது, ஊரில் ஏற்கெனவே நடக்கிற இந்த வேலையோடு சேர்ந்து நிற்கிற அமைப்பு எது, அதை ஒதுக்கிவிட்டுத் தனியாகப் பலகை வைக்கிற அமைப்பு எது என்றும் பாருங்கள்.

எண்ணை எங்கே தேடுவது

பிள்ளைகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய. அங்குள்ள அமைப்பைப் பற்றிக் கேட்டால் வேலை சுலபம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கான அறக்கொடை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஒவ்வொரு அமைப்புக்கும் ஊழியர், அறங்காவலர், தொண்டர் எண்ணிக்கை தனித்தனியாக இருக்கும். அமெரிக்காவில் வருமான வரித் துறைக்குக் கொடுக்கும் 990 எண் படிவத்தின் முதல் பக்கத்திலேயே தொண்டர்களின் மொத்த எண்ணிக்கைக்கு ஒரு வரி உண்டு. அந்த வரியிலேயே, தேவையானால் உத்தேசமாக எழுதலாம் என்றும் அச்சிட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகு அந்த எண்ணுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நம் நாட்டில் நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தர்பன் தளத்தில் மாநிலம், மாவட்டம் வாரியாகத் தேடலாம். பதிவு எண், பொறுப்பாளர்கள், எந்தத் துறையில் வேலை என்பது தெரியும். தொண்டர் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்பதை அமைப்பிடமே கேட்டு வாங்க வேண்டியதுதான். ஆண்டறிக்கையும் தணிக்கை செய்த கணக்கும் கேளுங்கள். கணக்கில் பயணப்படி, தொண்டர் பயிற்சி, காப்பீடு ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவு என்று பாருங்கள். ஆயிரம் தொண்டர் என்று அறிக்கையில் இருந்து, பயிற்சிச் செலவு ஒன்றுமே இல்லை என்றால் அந்த ஆயிரத்தைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்.

ஒரு சின்னச் சோதனையும் உண்டு. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தின் மக்கள்தொகை 18.7 லட்சம். மாவட்டத்தில் 5,000 தொண்டர் என்றால் ஏறக்குறைய 374 பேருக்கு ஒருவர், நம்பலாம். 50,000 என்றால் 37 பேருக்கு ஒருவர். உங்கள் தெருவிலேயே அவர்களில் ஓரிருவர் இருக்க வேண்டும். விசாரித்துப் பாருங்கள்.

ஒரே ஆள் பல பட்டியலில் வருவதையும் கழிக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் பெண் என்.எஸ்.எஸ்.ஸிலும் இருப்பாள், இளையோர் செஞ்சிலுவையிலும் இருப்பாள், கோயில் இளைஞர் குழுவிலும் ரத்த தானக் குழுவிலும் இருப்பாள். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குளத்தில் ஆகாயத்தாமரை அள்ளினால் நான்கு அமைப்புகளும் அதைத் தங்கள் ஆண்டறிக்கையில் எழுதலாம். யாரும் பொய் சொல்லவில்லை, ஆனால் கூட்டினால் நான்காகிவிடும். கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையை எண்ணி உலை வைக்கிறவர் யாரும் இல்லை, வரக்கூடியவர்களைக் கணித்துத்தான் அரிசி போடுவோம். இங்கேயும் அந்தக் கணிப்பு வேண்டும்.

என்ன வேலை, எத்தனை பேர்

கடற்கரை மாவட்டத்துக்காரருக்கு ஒரு கடல் உதாரணம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கடலில் ஆபத்தில் சிக்கியவர்களை மீட்கிற ஆர்.என்.எல்.ஐ. 1824இல் தொடங்கியது. அங்கே வேலை செய்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தொண்டர்கள். முப்பதாயிரத்துக்கு மேல் என்று சொல்கிற அந்தக் கூட்டத்தில் மீட்புப் படகில் ஏறிக் கடலுக்குள் போகிறவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம். மற்றவர்கள் நிதி திரட்டுகிறார்கள், கடை நடத்துகிறார்கள், கரையில் நிற்கிறார்கள். அவர்கள் இல்லாமல் படகு இறங்காது, ஆகவே எல்லோரும் தேவை. உங்கள் ஊரில் ஒரு அமைப்பு மீட்புத் தொண்டர் இருநூறு பேர் என்றால், அதில் நீச்சல் தெரிந்து பயிற்சி முடித்தவர் எத்தனை பேர் என்று கேட்பதில் தவறே இல்லை. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் ஆப்த மித்ரா திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டமிட்டதும் இதற்காகத்தான்: பேர் கொடுத்தவருக்கும் பழகியவருக்கும் வெள்ளம் வந்த அன்று வித்தியாசம் தெரியும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடிப் பகுதிகளுக்கு உதவி செய்ய வந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த நன்றி இந்தக் கடப்புறத்தில் என்றும் உண்டு. ஆனால் அப்படிப்பட்ட வருடத்தின் எண்ணை எடுத்துச் சாதாரண வருடத்தோடு ஒப்பிட முடியாது. ஆண்டறிக்கை கேட்கும்போது மூன்று வருடத்துக்கானதைச் சேர்த்துக் கேளுங்கள்.

நேரில் போய்ப் பார்க்கும்போது

எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி என்றால் இதைத்தான் கேட்பேன்: போன வருடம் வந்தவர்களில் இந்த வருடமும் எத்தனை பேர் வருகிறார்கள்? 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்த ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர், நெய்யூர் மருத்துவமனையைக் கண்ட பிறகு லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்து இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். பட்டியலில் அவர் ஒரே ஒரு ஆள். தங்குகிற ஆளின் எடை அப்படிப்பட்டது. நூறு பேர் சேர்ந்து எண்பது பேர் விட்டுப் போகிற அமைப்பில் ஏதோ சரியில்லை என்று வையுங்கள். பெரும்பாலும் வேலை கொடுக்காமல் காக்க வைத்திருப்பார்கள், அல்லது பயிற்சி இல்லாமல் கஷ்டமான இடத்துக்கு அனுப்பியிருப்பார்கள்.

வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல அமைப்பில் அது மேசை மேலேயே கிடக்கும், ஓரம் மடங்கி, தேநீர்க் கறை படிந்து. வந்த நேரம், போன நேரம், கையெழுத்து என்று தினமும் வெவ்வேறு பேனாவில் எழுதியிருக்கும். ஒரே கையெழுத்தில் ஒரே மையில் ஒரு மாதத்துப் பெயர்கள் நிறைந்திருந்தால் அந்த நோட்டு ஆய்வுக்காக எழுதியது.

முடிந்தால் ஒரு நாள் அவர்களோடு கூடப் போங்கள். வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்க்கும் குழு என்றால், நர்ஸ் படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டும் அரை மணி நேரத்தில் தொண்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தெரிந்தவர் வெந்நீர் எடுத்து வைப்பார், நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பும்போது இடுப்பைத் தாங்கிப் பிடிப்பார். அப்புறம் அடுப்படிக்குப் போய் அந்த வீட்டம்மாவிடம் ராத்திரி தூங்கினீர்களா, மாத்திரை எத்தனை மீதம் என்று விசாரிப்பார். தெரியாதவர் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். அந்த அரை மணி நேரம் பார்த்தால் எந்த எண்ணும் தராத பதில் கிடைத்துவிடும்.

எத்தனை தொண்டருக்கு ஒரு பொறுப்பாளர் என்பதையும் கேளுங்கள். நூறு பேருக்கு ஒருவர் மட்டும் என்றால் உங்கள் போனை எடுக்கக்கூட ஆள் இருக்காது.

போகிற நாளையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஆண்டு விழா, கிறிஸ்துமஸ், ஓணம், கொடியேற்று நாட்களில் எல்லா அமைப்பிலும் கூட்டம் நிறைந்திருக்கும், அன்று பார்த்து ஒன்றும் தெரியாது. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன் கடைசியிலோ நவம்பரிலோ, மழை பெய்யும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். வந்திருப்பவர்களை எண்ணுங்கள். அடுத்த வாரம் அடுத்த அமைப்புக்கும் அதே கிழமை, அதே நேரத்தில் போங்கள். இரண்டு எண்ணையும் துண்டறிக்கை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, எங்கே சேர்வது என்று அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.